ஆண்டறிக்கை: ஒலிக்கோப்புகளின் சத்த அளவைச் சீராக்கும் பணி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஒலிக் காப்பகத்தைக் கேட்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: ஒரு உரை காதைப் பிளக்கிறது, அடுத்த உரை காதிலேயே விழவில்லை. இந்த ஆண்டு செயற்குழுவின் வேலை பெரும்பாலும் இதைச் சுற்றியே நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

பழைய முறையில் ஒவ்வொரு கோப்பின் உச்சத்தையும் ஒரே அளவுக்கு உயர்த்தி வந்தோம். ஒரு இருமல், மைக்கில் கை பட்ட ஒரு தட்டு இருந்தால் போதும், அதுவே உச்சமாகிவிடும். பேச்சு அடியிலேயே கிடக்கும். காது உச்சத்தை வைத்துச் சத்தத்தை மதிப்பதில்லை. ஆகவே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பிஎஸ் 1770 அளவீட்டுக்கு மாறினோம். இது காதின் இயல்புக்கேற்ப அடிக்குரல் அதிர்வுகளைக் குறைத்தும் மேல் அதிர்வுகளைச் சற்றுக் கூட்டியும் கணக்கிடுகிறது. 400 மில்லிவினாடித் துண்டுகளாக அளந்து, மௌனமான துண்டுகளைப் பின்னர் வந்த திருத்தத்தின்படி தள்ளிவிடுகிறது. பேச்சாளர் நீண்ட இடைவெளி விட்டாலும் சராசரி கெடுவதில்லை. இதன் அலகு எல்யூஎஃப்எஸ், அதாவது டிஜிட்டல் ஒலியின் உச்ச எல்லையைப் பூச்சியமாக வைத்து அளக்கும் சத்த அளவு. அதனால் எண்கள் கழித்தல் குறியோடு வரும்; பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். ஒரு அலகு கூடினால் ஒரு டெசிபல் கூடியதாகப் பொருள்.

இலக்கு எது என்பதில்தான் நீண்ட விவாதம். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் ஆர் 128 பரிந்துரை -23 என்கிறது. ஆப்பிள் பாட்காஸ்ட் -16 கேட்கிறது. கைப்பேசியில், தெருச் சத்தத்துக்கு நடுவே கேட்பவர்களே அதிகம் என்பதால் ஸ்டீரியோவுக்கு -16 எல்யூஎஃப்எஸ், மெய்யுச்சம் (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சம்) -1.5 டெசிபலுக்குள் என்று முடிவானது. ஒரே தடம் உள்ள மோனோ கோப்புக்கு -19. மோனோ இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும்போது 3 டெசிபல் கூடும். மீட்டரோ ஒரு தடத்தை மட்டுமே பார்க்கிறது. கருவியில் இரட்டை மோனோ அமைப்பை இயக்கினால் -16 என்றே கொடுக்க வேண்டும். அந்த அமைப்பையும் இயக்கி -19உம் கொடுத்தால் கோப்பு 3 டெசிபல் தாழ்ந்துவிடும்.

வேலை எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளிக்கோப்பு நிரலில், சத்த அளவைச் சமன் செய்யும் லவுட்நார்ம் வடிகட்டியில், இரண்டு சுற்றாக நடக்கிறது. முதல் சுற்று வெறும் அளவீடு: மொத்தச் சத்த அளவு, மெய்யுச்சம், ஏற்ற இறக்க வீச்சு, மௌனத்தைத் தள்ளும் வாசல் அளவு, இலக்குக்கான ஈடு என ஐந்து எண்கள் ஜேசான் என்ற உரை வடிவில் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் அந்த எண்களையே திருப்பிக் கொடுத்து லீனியர் அமைப்பை இயக்குகிறோம். அப்போது கோப்பு முழுவதும் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும். பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஒரே சுற்றில் முடித்தால் டைனமிக் முறை ஓடும்: இடைவெளியில் மின்விசிறிச் சத்தம் மெல்ல எழும்பி, பேச்சு தொடங்கியதும் அமுங்கும்.

லீனியர் என்று கேட்டதாலேயே லீனியர் கிடைத்துவிடாது. உச்சம் நாம் கொடுத்த -1.5ஐத் தாண்டும் என்றாலோ, கோப்பின் ஏற்ற இறக்க வீச்சு நாம் கொடுத்த வீச்சைவிடப் பெரியது என்றாலோ, வடிகட்டி சொல்லாமலேயே டைனமிக்குக்கு மாறிவிடும். வீச்சின் இயல்பு மதிப்பு 7தான். நாங்கள் 20 கொடுக்கிறோம். உச்சத்துக்கு ஒரு கணக்கு: கோப்பு -27.4, மெய்யுச்சம் -6.2. -16க்குக் கொண்டுவர 11.4 கூட்ட வேண்டும்; உச்சம் +5.2 ஆகிவிடும். அந்த உச்சம் ஒரே ஒரு மைக் தட்டு என்றால் எடிட்டரில் அந்த இடத்தை மட்டும் -13க்கு இறக்குங்கள். 11.4 கூட்டினாலும் உச்சம் -1.6, லீனியராகவே முடியும். சராசரியில் அந்தத் தட்டின் பங்கு அற்பம். ஆகவே முடிவு வெளியீட்டில் எந்த முறை ஓடியது என்ற வரியைப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் ஏற்பதில்லை.

11 டெசிபல் கூட்டினால் இரைச்சலும் 11 டெசிபல் கூடும். இரைச்சல் நீக்கம் வேண்டுமானால் சமன் செய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பல கோப்புகளை மொத்தமாக ஓட்டும்போது கெடுவது பெரும்பாலும் ஒலியல்ல, கட்டளைகளை அடுக்கி எழுதிய ஸ்கிரிப்ட். இடைவெளி உள்ள கோப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் பெயர் இரண்டாக உடையும். கோப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் சுழலில் எஃப்எஃப்எம்பெக் அந்தப் பட்டியலைத் தனக்கான உள்ளீடாக எடுத்துத் தின்றுவிடுவதால் அடுத்த பெயரின் முதல் எழுத்துகள் காணாமல் போகும். உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் நோஸ்டிடின் அமைப்பைக் கொடுத்தால் தீரும். முழு மௌனக் கோப்புக்கு அளவு கழித்தல் முடிவிலி என்று வரும், இரண்டாம் சுற்று அதை ஏற்காது. அவற்றை முதலிலேயே ஒதுக்குங்கள். டைனமிக் முறை மாதிரி வீதத்தை (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை பதிகிறோம் என்ற எண்ணை) 192 கிலோஹெர்ட்சுக்கு ஏற்றிவிடும். வீதத்தைக் குறிப்பிடாவிட்டால் சுருக்கப்படாத 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு நான்கு மடங்கு பெருகும்.

எம்பி3யை அவிழ்த்து, சமன் செய்து, மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். மூல வேவ் இருந்தால் அதிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாதவற்றுக்கு எம்பி3கெயின் என்ற நிரல்: அது எம்பி3யின் ஒவ்வொரு சிறு துண்டிலும் (சட்டகத்தில்) உள்ள கெயின் எண்ணை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுகிறது. முக்கால் டெசிபல் வரை பிசகலாம், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இசைத் தொகுப்புகளைப் பாட்டுப் பாட்டாகச் சமன் செய்வதில்லை. மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்க வேண்டும். தொகுப்பு முழுவதற்கும் ஒரே கெயின்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, மூலக் கோப்பின் மேல் எழுதக் கூடாது. சமன் செய்தவை தனி அடைவில் போகட்டும். இரண்டு, ஒவ்வொரு தொகுதியும் முடிந்ததும் வெளியீட்டை மறுபடி அளந்து, இலக்கிலிருந்து 0.5 டெசிபலுக்கு மேல் விலகியவற்றைத் தனிப் பட்டியலாக்கி ஒருவர் காதால் கேட்டபின்னரே காப்பகத்தில் ஏற்ற வேண்டும்.

செயலாளர்