இரண்டு கிழமை லீவில் வந்து அம்மா அப்பாவின் வீட்டை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து வந்து, கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் இருந்த வீடுகளை ஒதுக்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

போன மாசியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சங்கீத ரீச்சர் காலமானார். எண்பத்தாறு வயது. மூன்று நாட்டிலிருந்து மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே அலுமாரிகளைத் திறந்து ஒதுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இருந்தது இன்னும் ஐந்தே நாள். நான் சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு வரும்போது பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவரின் தள்ளுவண்டி அந்த வாசலில் நின்றது. பழைய சமையற் புத்தகங்களுக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் மேலே கசெட்டுகள் கிடந்தன. காலையிலேயே ஒரு சூட்கேஸ் நிறையக் கடைக்குப் போய்விட்டதாம். மிஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினொன்று கிடைத்தன.

அந்தப் பிள்ளைகளில் எனக்குக் கோபம் இல்லை. அம்மா போன துக்கத்தில், விமான ரிக்கெட்டையும் வீடு வாங்க வருகிறவரையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, பெயர் எழுதாத கசெட்டை யார் நின்று யோசிப்பார்கள்? யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டில் இருந்த நானும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் இசைத்தட்டு, நாடா, கசெட் எதையும் நிறுத்து விற்கும் சாமானோடு சேர்க்காதீர்கள். இதுதான் என் வேண்டுகோள். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்றின் மேல் நீலப் பேனையால் "கல்யாணி, மழை" என்று, ராகத்தின் பெயரும் மழையுமாக எழுதியிருந்தது. அவ்வளவுதான். நாடாவைப் பிளேயரின் ஒலியெடுக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு உள்ளே கழன்று கிடந்தது. வேறொரு பழைய கசெட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிப் போட்டுக் கேட்டேன். தகரக் கூரையில் மழை. தம்புராச் சுருதி. ரீச்சர் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். பாட்டு வரியை மெருகேற்றிப் பாடும் ஒரே சங்கதியை ஏழு தரம் பாடிக் காட்டுகிறார். ஏழாம் தரத்தில்தான் பிள்ளைக்கு வருகிறது. வந்ததும் ரீச்சர் பாராட்டவில்லை. "இப்ப இன்னொருக்கா, மறக்கமுந்தி" என்கிறார். பிரதி எடுத்து மூத்த மகளுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் இரவு தொலைபேசியில் எடுத்து, "அன்ரி, பின்னால இருமுறது அப்பா" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. அவர் போய் முப்பது வருடம்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. அறுபதுகளில் எங்கள் வாடகை வீட்டில் ரேடியோவும் தட்டுப் பிளேயரும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு ரேடியோகிராம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டுகளைத் திருப்பிப் போடுவது என் வேலை. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு தரம் சுற்றும் எழுபத்தெட்டு வேகத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஓடும். ஒரு கீர்த்தனை முடிய முதல் எழும்பி ஓட வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள் பாடகர் என்ன செய்தார் என்பதை அப்பா எனக்குக் காட்டித் தந்தார். ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவல் இல்லை, மிருதங்கத்துக்குத் தனி இல்லை, பல்லவிக்கு முன் ராகத்தின் முகத்தை நாலு பிடியில் காட்டிவிட வேண்டும். கோயில் வீதியில் மணிக்கணக்காக ஊதக்கூடிய தோடி ராகத்தை நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை தட்டுக்காகச் சில நிமிடங்களுக்குள் அடக்கியிருப்பார். அதைக் கேட்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "பார், அவசரமே இல்லை" என்பார். இன்று வரைக்கும் நான் ஒரு தோடியை அந்த ஒரு கேள்வியோடுதான் கேட்கிறேன்: அவசரம் இருக்கிறதா, இல்லையா?

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். நாங்கள் பத்து நாள் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தோம். எழுபத்தெட்டு வேகத் தட்டு அரக்கும் கல்மாவும் கலந்து செய்வது. எங்களுடையவை உருகி ஒன்றோடொன்று ஒட்டி, மூலையில் ஒரு கறுப்புக் கட்டியாகக் கிடந்தன. அப்பா அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அரக்கு மாளிகை" என்று மட்டும் சொன்னார். மிஞ்சியவை, நீண்ட நேரம் ஓடும் எல்பித் தட்டுகள் ஒன்பது. தீயிலிருந்து யாரும் காப்பாற்றியவை இல்லை அவை. அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த ஒரு சிங்கள நண்பர் இரவல் வாங்கிப் போயிருந்தார். இரண்டு மாதம் கழித்து நுகேகொடையிலிருந்து பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பாடகர்கள் மதுரை மணி ஐயரும் ஜி.என். பாலசுப்ரமணியமும் அப்படித்தான் எங்களிடம் திரும்பி வந்தார்கள். ஒரு பிரதி ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அந்த ஆண்டிலேயே படித்துவிட்டேன்.

"இப்ப எல்லாம் யூடியூப்பில இருக்குத்தானே அன்ரி" என்று பலர் சொல்கிறீர்கள். கொஞ்சம் உண்மைதான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்பியாக வந்தது; அது ஊரெல்லாம் உண்டு, உங்கள் வீட்டுப் பிரதியை நல்ல விலைக்கு விற்றால் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கொம்பனி அச்சடித்த தட்டுக்கு எங்கோ இன்னொரு பிரதி இருக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும், கையெழுத்தில் பெயர் போட்ட அல்லது பெயரே போடாத கசெட்டுக்கு இன்னொரு பிரதி எங்கும் இல்லை. என் கணக்கில் வடிவான உறையோடு இருக்கும் எல்பியை விட அதுதான் பெரிய சொத்து.

அவற்றுள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் இதுவரை கேட்டவற்றைச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த வித்துவான்கள் இங்கே மண்டபங்களில் பாடிய கச்சேரிகள், முன்வரிசையில் மடியில் ரேப் ரெக்கோடரை வைத்துப் பிடித்தவை. கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் காம்போதி ராகம் உச்சத்துக்கு ஏறும்போது கரையோர ரயில் போகிறது. பாடகர் மேல் ஷட்ஜ சுரத்தில் அப்படியே நின்று ரயிலைப் போகவிட்டு, பிறகு கீழே இறங்குகிறார். சபையில் சிரிப்பும் கைதட்டும். எந்த ஸ்ரூடியோவில் அது கிடைக்கும்? திருச்சி வானொலியிலிருந்து பிடித்த கச்சேரிகள், இடையிடையே கடல் அலை மாதிரி இரைச்சலோடு. கலியாண வீட்டு நாதஸ்வரம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடியும்வரை நடந்த மேளக் கச்சேரிகள். தவில் தட்சிணாமூர்த்தி 1975இல், நாற்பதைக் கடந்த கொஞ்ச வயதிலேயே போய்விட்டார். அவருடைய கையை அதற்குப் பிறகு பிறந்தவர்களும் கேட்க முடிகிறதென்றால், வீதியில் மணலில் இருந்து யாரோ பிடித்து வைத்த நாடாக்களுக்கும் அதில் பங்குண்டு. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் இறந்தவர். தட்டுகள் இல்லாவிட்டால் அவர் குரல் வெறும் பேச்சாகத்தான் எங்களுக்கு வந்திருக்கும். எங்கள் ஊர் வித்துவான்கள் பலருக்குத் தட்டே போடப்படவில்லை. அவர்களுக்கு இருப்பது உங்கள் அப்பாவின் சப்பாத்துப் பெட்டிதான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில், அம்மாவோ அப்பாவோ ஒருவர் இருக்கும்போதே கேளுங்கள். இது யார், எந்த மண்டபம், எந்த வருடம் போல, வயலின் யார், மிருதங்கம் யார்? நாடா கெட்டுப்போக இன்னும் பத்து வருடம் எடுக்கலாம். தெரிந்தவர் அதுவரை இருக்கமாட்டார். பக்கவாத்தியக்காரரின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். மேடையில் பின்னால் இருந்தவர்களின் பெயர்கள்தான் முதலில் மறைந்துபோகின்றன. அவர் சொல்வதைக் கைபேசியில் பதிந்தாலே போதும். எழுதுவதானால் கசெட்டின் உறையில் மட்டும் எழுதாதீர்கள், உறைகள் மாறிவிடும். கசெட்டின் மேலேயே எழுதுங்கள். எழுத்துத் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, ஆசைப்பட்டு உடனே போட்டுக் கேட்காதீர்கள். இருபது வருடம் ஓடாத பிளேயரின் பெல்ட் இளகிக் களிம்பாகியிருக்கும்; நாடாவை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கொழும்பில் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து பூஞ்சணத்தை வளர்க்கும். கசெட்டின் சின்னக் கண்ணாடி வழியே பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அதைத் தனியாக ஒரு பையில் போட்டு ஒதுக்கிவிடுங்கள். ஓட்டினால் பிளேயருக்கும் தொற்றும், அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு கசெட்டுக்கும் தொற்றும். கசெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே வேறொன்று பதியாது.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். பாரமாக, விழுந்தால் பீங்கான் போல நொறுங்குவதாக இருந்தால் அது அரக்குத் தட்டு. அதை எக்காரணம் கொண்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எனக்குத் தெரிந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு அப்படித் துடைத்து ஒரு வீணைத் தட்டை மந்தமாக்கிவிட்டார். அதேபோல எல்பி ஊசியால் அரக்குத் தட்டை ஓட்டாதீர்கள். அந்தத் தட்டின் தடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். ஊசி அடியில் கிடந்து அலையும், இரைச்சல்தான் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "தட்டு தேய்ந்து போச்சு" என்று வீசியவர்கள் பலர்.

பிரதி எடுக்கக் கொடுப்பதானால் வேகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நாடா நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்; கட்டை என்பது பாடகரின் சுருதி அளவு. ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையில் பாடுவார், குரலும் இளைத்து வேறொருவர் மாதிரி ஆகிவிடும். இணையத்தில் கிடக்கும் பழைய பதிவுகள் பல இப்படி வேகம் தப்பித்தான் கிடக்கின்றன. பாடகரின் கட்டை தெரிந்த ஒரு பாட்டு வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேகத்தைச் சரிபார்ப்பதே நல்லது. கைபேசிக்கு எம்பி3 போதும். ஆனால் தாய்ப் பிரதியைச் சுருக்காமல் வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதையும் இரண்டு நாட்டில் இரண்டு பேர் வைத்திருங்கள். பிள்ளைகள் நாலு திசையில் இருப்பதில் இந்த ஒரு நன்மை உண்டு.

பிரதி எடுத்த பிறகும் மூலத்தை வீசாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும். கொண்டுபோக இடமில்லை என்றால் இங்கேயே விட்டுப்போங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலக முயற்சி எங்கள் எழுத்துகளை எண்ணிமப்படுத்தி, அதாவது கணினிக் கோப்பாக்கி வருகிறது. கையெழுத்துப் பிரதி ஒன்று வீட்டில் அகப்பட்டால் அதை வீசக்கூடாது என்று இன்று பலருக்குத் தெரிந்திருப்பதற்கு அப்படியானவர்களின் உழைப்பே காரணம். குரலுக்கும் அந்த மரியாதை வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து நாற்பது வருடத்துக்கு மேலாக அழுகிறோம். அதே நாங்கள் கிலோக் கணக்கில் கசெட்டைக் கொடுத்தனுப்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்குச் சங்கீதம் தெரியாமல் இருக்கலாம். அப்பா போட்டுக் கேட்டது சின்ன வயதில் அலுப்பாகக்கூட இருந்திருக்கும். பரவாயில்லை. ஒரு பின்னேரம், பெட்டிகளெல்லாம் கட்டி முடிந்து வீடு வெறுமையாகக் கிடக்கும்போது, ஒரேயொரு பக்கத்தை மட்டும் நிலத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். வெறும் வீட்டில் தம்புரா வடிவாகக் கேட்கும்.

என்னிடம் இரண்டு நல்ல கசெட் டெக்கும், இரண்டு வகை ஊசியோடு ஒரு தட்டுப் பிளேயரும் இருக்கின்றன. காசு வேண்டாம். நீங்கள் போகுமுன் முடியாவிட்டால் பிறகு செய்து அனுப்புகிறேன். இந்த மடலை உங்களுக்குக் காட்டியவரிடம் சொன்னால் எனக்கு வந்து சேரும்; முச்சக்கரவண்டி பிடித்து நானே வருவேன். பெட்டி பாரமென்றால் மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி இறக்க ஒரு பெடியனையும் கூட்டிவருவேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் கோயிலுக்குப் போய்விடுவேன், பத்து மணிக்குப் பிறகு கேளுங்கள்.

அன்புடன்,
ஒழுங்கைக் கடைசி வீட்டு அன்ரி
வெள்ளவத்தை