ஐ.பி.எல். விளக்கை நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் தை 1-ஆம் தேதியிலிருந்து நம் கிளினிக்கில் முடி நீக்கத்துக்கு ஐ.பி.எல். விளக்கை (பளிச்சென்று ஒளி பாய்ச்சி முடி வேரைச் சுடும் கருவி) பயன்படுத்தப் போவதில்லை. இனி டயோட், என்டி யாக் என்ற இரண்டு லேசர்கள் மட்டும்தான். பாதி சிட்டிங் முடித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். கட்டிய பணம் என்ன ஆகும் என்ற கவலை வரும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி சிட்டிங் அத்தனையும் லேசரிலேயே செய்து தருவோம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்க மாட்டோம்.

காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பள்ளி ஆசிரியை ஒருவர் கெண்டைக்கால் முடிக்காக வந்துகொண்டிருந்தார். மூன்று சிட்டிங் நன்றாகப் போயின. நான்காவது தடவை வந்தது சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் வெயிலில் நின்றிருக்கிறார், தோல் முன்னைவிடக் கறுத்திருந்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை, அவருடைய சிகிச்சை அட்டையில் எழுதியிருந்த பழைய ஒளி அளவிலேயே ஷாட் அடித்தோம். மறுநாள் காலையில் படம் அனுப்பினார். இரண்டு கால்களிலும் தோல் மேல் வைத்து ஒளி பாய்ச்சும் ஹேண்ட்பீஸின் கண்ணாடி அச்சு அப்படியே செவ்வகம் செவ்வகமாகப் பதிந்திருந்தது, செங்கல் அடுக்கியதுபோல. அந்தத் தழும்பு முழுதும் மங்க ஐந்து மாதம் ஆனது. அத்தனை நாளும் கால் தெரியாமல் சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வகுப்பெடுத்திருக்கிறார். தப்பு எங்களுடையது. அன்றைக்கே அந்த விளக்கை மாற்றியிருக்க வேண்டும், தாமதித்துவிட்டோம்.

ஒளியால் முடி எப்படிப் போகிறது என்பது தெரிந்தால் அந்தச் செவ்வகங்கள் ஏன் விழுந்தன என்பதும் புரியும். முடியின் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. பாய்ச்சும் ஒளியை அது வாங்கிக்கொண்டு சூடாகிறது, அந்தச் சூட்டில் வேர் பொசுங்குகிறது. சரியான நிற ஒளியை, சுற்றியிருக்கும் சதைக்குச் சூடு பரவுவதற்குள் சட்டென்று அடித்து நிறுத்தினால், குறிவைத்த இடம் மட்டும் வேகும் என்ற கணக்கை 1983-இல் பாஸ்டனைச் சேர்ந்த ரோக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். இன்று உலகத்தில் இருக்கும் முடி லேசர்கள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், நம் தோலிலும் இருப்பது அதே மெலனின்தான். வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் ஒளி நேரே முடியைத் தேடிப் போய்விடும். மாநிறத்திலும் கறுப்பிலும் சூட்டில் ஒரு பங்கைத் தோலே வாங்கிக்கொள்ளும். தோல் நிறத்தை வகைப்படுத்த உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வந்தபோது அது வெள்ளைத் தோலுக்கு மட்டுமாகவே இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகளைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவோம். நமக்காகச் செய்யாத அளவை நம் மேல் வைத்துப் பார்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஐ.பி.எல். என்பது லேசரே இல்லை, கேமரா ஃபிளாஷ் போன்ற ஒரு விளக்கு. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீள ஒளி அதிலிருந்து கலந்து வரும். வடிகட்டி போட்டாலும் தோல் நிறமி விரும்பி வாங்கும் ஒளி கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். லேசரில் ஒரே அலைநீளம். அது கூடக் கூட மெலனின் வாங்குவது குறையும், ஒளியும் ஆழத்துக்குப் போகும். டயோட் 800, 810 நானோமீட்டர் அளவில் வேலை செய்கிறது, என்டி யாக் 1064. கறுத்த தோலுக்கு மிகவும் பாதுகாப்பானது இந்த 1064-தான். ஆனால் அதற்கும் குறை உண்டு: ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோலச் சுருக்கென்று குத்தும், மெல்லிய முடியில் பலன் குறைவாக இருக்கும்.

கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் கேட்டு வருபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவது அதனால்தான். மெல்லிய முடியில் போதாத சூடு பட்டால் அது பொசுங்காமல், தடித்து வளர்ந்துவிடுவதும் உண்டு. கன்னம், கழுத்துப் பகுதிகளில் இதை அதிகம் பார்க்கிறோம். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குத் தாடையில் முடி வளர்வது ஹார்மோனால். லேசர் குறைக்கும், ஆனால் உள்ளே சிகிச்சை இல்லாவிட்டால் புது முடி வந்துகொண்டே இருக்கும். முதலில் டாக்டரைப் பாருங்கள். வெள்ளை முடியில் மெலனின் இல்லை, லேசருக்கு அங்கே வேலையும் இல்லை. அதற்கு எலக்ட்ராலிசிஸ்தான் வழி. உள்நோக்கி வளரும் இமைமுடியை எடுக்க 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் கையாண்ட முறை அது. ஒவ்வொரு வேரிலும் ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும், நாள் பிடிக்கும். ஆனாலும் ‘நிரந்தர நீக்கம்’ என்று சொல்லிக்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு மட்டுமே இடம் தருகிறது. லேசருக்கு அவர்கள் தரும் சொல் ‘நிரந்தரக் குறைப்பு’. எங்கள் போர்டிலும் இனி அப்படித்தான் எழுதியிருக்கும்.

தை முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து, "அதற்குள் முடித்துக்கொடுங்கள்" என்று கேட்கும் மணப்பெண்களிடம் முடியாது என்று சொல்ல மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் வளரும் பருவத்தில் இருக்கும் முடிக்கு மட்டுமே லேசர் பிடிக்கும். மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். அவை விழித்து வர வர அடிக்க வேண்டும் என்பதால் முகத்துக்கு 4 முதல் 6 வாரம், கை கால்களுக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி விட்டு, ஆறு எட்டு சிட்டிங்காவது ஆகும். நடுவில் த்ரெட்டிங், வேக்ஸிங் வேண்டவே வேண்டாம். வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளி எதைச் சுடும்? ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவே.

சிட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சின்னதாகச் சிவந்து புடைக்கும், கொஞ்சம் பொசுங்கல் வாசனையும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கொப்புளம் வந்தாலோ, மறுநாளும் எரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள். இரவு என்றும் பார்க்காதீர்கள்.

தோல் இறுக்கத்துக்குச் செய்யும் ரேடியோ அலை சிகிச்சையில் மாற்றம் எதுவும் இல்லை. ரேடியோ அலை நிறம் பார்ப்பதில்லை. தோலுக்குள் மின்னோட்டம் பாயும்போது சதை அதைத் தடுக்கும், அந்தத் தடையில்தான் சூடு பிறக்கிறது. அதனால் கறுப்போ சிவப்போ ஒன்றுதான். மேல்தோல் 40, 42 டிகிரிக்குள் நிற்கிறதா என்று வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்கிறோம். உள்ளே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழை சுருங்கி, பிறகு புது இழை உருவாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தொங்கிய தாடையை அது அறுவை சிகிச்சைபோலத் தூக்கிவிடாது, முகத்தை வெள்ளையாக்கவும் செய்யாது. வெள்ளையாக்குவது எங்கள் வேலையும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சிகிச்சைக்கு வர வேண்டாம். அந்த இடத்தில் உலோகத் தகடு இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

ஐ.பி.எல். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் மார்கழி முடிவதற்குள் ஒரு தடவை வந்து காது ஓரத்திலோ முழங்கால் பக்கத்திலோ சோதனை ஷாட் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் புது அளவை அட்டையில் எழுதுவோம். வரும்போது முகத்தில் மஞ்சள், குங்குமம், க்ரீம் எதுவும் இல்லாமல் கழுவிவிட்டு வாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் வெயிலில் அலைந்தீர்கள் என்று இனி ஒவ்வொரு சிட்டிங்கிலும் கேட்போம். கோயில், கல்யாணம், பைக் பயணம் எதையும் விடாமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிர்வாகி