தாழப் பறப்பது பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உனக்கு பைலட் லைசென்ஸ் வந்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். இந்த வருஷ மெடிக்கலும் நல்லபடியாக முடிந்தது.

மைத்துனரை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு மேலே தாழ வட்டமடித்து, வாசலில் நிற்கிற பிள்ளைகளை வீடியோ எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

செஸ்னா 172 மாதிரி சின்ன விமானம் நூறு நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் போனால் நொடிக்கு சுமார் 50 மீட்டர். நாலு நொடி போனைப் பார்த்தால் 200 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு பறந்த மாதிரி. 3,000 அடியில் சுதாரித்துக்கொள்ளலாம். 300 அடியில் எதற்கு நேரம் இருக்கும்? கம்பம் கண்ணில் படும், கம்பி படாது.

அதைவிட எனக்குப் பயம் அந்த வட்டம்தான். பிள்ளைகள் பார்வையைவிட்டுப் போகக்கூடாதென்று இறக்கையை இன்னும் கொஞ்சம் சாய்ப்பாய். மூக்கு தாழும், கை தன்னையறியாமல் யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டீயரிங்கை, பின்னால் இழுக்கும். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகம், 41 சதவீதம் கூடிவிடும். பின்காற்று வேறு இருந்தால் தரை விரைந்து ஓடுவதுபோலத் தெரியும், வேகம் போதும் என்று பவரைக் குறைக்கத் தோன்றும். வேகமானியைப் பார்க்க வேண்டிய கண்ணோ வாசலில் இருக்கும். ஸ்டால் ஆனால் விமானம் சுழன்றபடி விழும், அதுதான் ஸ்பின்; ஒரு சுற்று ஸ்பின்னிலிருந்து மீளவே ஏறத்தாழ 1,000 அடி வேண்டும். அலாஸ்காவில் மூஸ் மானைத் தாழச் சுற்றிப் பார்க்கப்போன விமானிகள் இப்படித்தான் விழுந்திருக்கிறார்கள்.

2014 மே 31 அன்று கொலராடோவில், வாட்கின்ஸ் அருகே, நள்ளிரவில் கிளம்பிய செஸ்னா 150 சில நிமிஷத்தில் விழுந்து, இருந்த இருவரும் இறந்தார்கள். அதற்கு முந்தைய பறப்புகளில் காக்பிட்டுக்குள் செல்ஃபி எடுத்தது அவர்கள் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. விழுந்த பறப்பிலும் செல்போன் விமானியின் கவனத்தைக் கலைத்திருக்கக்கூடும் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

மைத்துனரைக் கட்டாயம் கூட்டிப்போ. படம் அவர் எடுக்கட்டும், உன் போன் பைக்குள் இருக்கட்டும். 2,000 அடிக்குக் கீழே இறங்காதே, அங்கிருந்தே வீடு நன்றாகத் தெரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேச்சு வேண்டாமென்று தரையிலேயே சொல்லிவிடு. பெரிய விமானங்களிலேயே 10,000 அடிக்குக் கீழே வீண்பேச்சு கூடாதென்று அமெரிக்காவில் 1981 முதல் விதி இருக்கிறது என்று சொன்னால் அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

தேதி முடிவானதும் எழுது. இடமிருந்தால் நானும் வருகிறேன்.

உன் நண்பன்