வளைவுக்குக் கீழே இரண்டு மாடங்கள்

காஸ்ட்ரோஹெரிஸ், ஸ்பெயின்
ஞாயிறு இரவு

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே, சார்ஜ் இல்லை. நேற்று ராத்திரி படுத்த இடத்தில் கரண்டும் கிடையாது, வெந்நீரும் கிடையாது. இந்த ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால் இடிந்து கிடக்கிற சான் அந்தோன் மடம் அது. சந்தியாகப்பர் என்கிற புனித யாக்கோபின் கல்லறைக்கு யாத்திரையாக நடந்து போகிறவர்களுக்காக 1146-இல் ஏழாம் அல்போன்சோ ராஜா ஆதரவில் தொடங்கிய ஆஸ்பத்திரியும் கோயிலும். இப்போது நிற்கிற சுவர்கள் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயிலுக்குக் கூரை இல்லை. முகப்பில் வட்ட ஜன்னலின் கல் வேலைப்பாடு மட்டும் மிச்சம். அதில் மேல்கை இல்லாத சிலுவையைச் செதுக்கியிருக்கிறார்கள். மடத்தை நடத்திய துறவிகள் சபையின் அடையாளம் அது. தார்ச்சாலை மடத்தின் கல் வளைவுக்கு அடியிலேயே புகுந்து போகிறது. நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கும்போது ஒரு டிராக்டர் போனது.

மடத்தின் பெயரில் இருக்கிற அந்தோன் பதுவை அந்தோணியார் இல்லை, வனத்து அந்தோணியார். சுரூபத்தின் காலடியில் ஏன் பன்றி என்று சின்ன வயதில் நச்சரிப்பாயே? இந்தச் சபையார் பன்றி வளர்த்தார்கள், கழுத்தில் மணி கட்டித் தெருவில் மேயவிட்டார்கள். அதன் கொழுப்பில்தான் நோயாளிகளுக்குக் களிம்பு.

நோய்க்கு அந்தோணியார் நெருப்பு என்று பெயர். கை கால் எரியும், ரத்த ஓட்டம் நின்று கறுக்கும், கடைசியில் மூட்டோடு கழன்று விழும். காரணம் ரை தானியத்தில் வருகிற எர்காட் பூஞ்சை. இதைப் படித்ததும் எனக்குக் கோவில்பட்டிக் கரிசல் காடுதான் கண்ணில் வந்தது. கம்பில் தேன் ஒழுகல் நோய் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னேனே, அதே குடும்பம்தான். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பு, விதையைக் கொட்டு, மிதக்கிற கறுப்பை அள்ளி எறி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்து. தூக்கத்தில்கூடச் சொல்வேன். இந்தத் துறவிகளுக்குப் பூஞ்சை பற்றித் தெரியாது. ஆனால் அவர்கள் கொடுத்தது நல்ல கோதுமை ரொட்டி. கெட்ட ரொட்டியை விட்டுவிட்டு இதைச் சாப்பிட்டவன் தேறியிருப்பான், அந்தோணியார் செய்த புதுமை என்று சொல்லியிருப்பான். நான் அதைப் புதுமை இல்லை என்று சொல்லவும் மாட்டேன்.

பிரசவ வார்டில் ரத்தப்போக்கு நிற்க நீ போடுகிற மெத்தர்ஜின் ஊசியும் இந்த எர்காட் வழி வந்ததுதானாமே. நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானும் உன் வேலையைப் பற்றி என்றைக்குக் கேட்டேன்?

வளைவுக்குக் கீழே, கோயில் வாசலுக்கு எதிர்ச்சுவரில், நம் விளக்கு மாடம் மாதிரி இரண்டு மாடங்கள் இருக்கின்றன. கதவு சாத்தியபிறகு வந்து சேருகிறவர்களுக்கு அதில் ரொட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். இப்போது நடந்து வருகிறவர்கள் துண்டுச்சீட்டு எழுதிக் கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் எழுதவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், கல் ஜில்லென்று இருந்தது.

நர்சிங் சேர்ந்தால் இந்த வீட்டுப் படி மிதிக்காதே என்று சொன்னதற்குப் பிறகு, முதல் லீவுக்கு நீ பஸ் கெட்டுப்போய் ராத்திரி பன்னிரண்டுக்கு வந்து நின்றாய். சாவி என் தலையணைக்கு அடியில். அம்மா அடுப்படி ஜன்னல் கம்பி வழியாக இலைப் பொட்டலத்தை நீட்டினாள். நான் தூங்கவில்லை ஸ்டெல்லா. இலை சரசரத்தது, நீ திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டது, எல்லாம் கேட்டது. காலையில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கதவைத் திறந்தேன்.

இன்று இங்கே வந்து சார்ஜ் போட்டதும் அம்மாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நாலு இட்லி, மிளகாய்ப்பொடி" என்றாள்.

நாளைக்கு விடியுமுன் மோஸ்தெலாரெஸ் மேடு ஏற வேண்டும். கால்வலித் தைலம் தீர்ந்துவிட்டது. இங்கே மருந்துக்கடையில் என்ன கேட்க வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா