யார் மாதிரி என்பது இருக்கட்டும், என்ன கேட்டீர்கள்?

மெட்டல் இசைக்கு விமர்சனம் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மெட்டல் குழுவில் கிதார் வாசிக்கிறேன். குழுவின் பெயரை இங்கே சொல்லாமல் விடுவது அடக்கத்தால் அல்ல. சொன்னால், "ஓ, அந்த மெஷூகா மாதிரிக் குழுவா" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள் என்ற பயம்தான்.

எங்கள் முதல் ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. போன வாரம் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் பாட்டுகளின் பெயர்களைவிட மற்ற பிரபல மெட்டல் குழுக்களின் பெயர்கள்தான் அதிகம். மெஷூகா ஒன்பது விமர்சனங்களில் வருகிறது, ஆர்ச் எனிமி ஆறில், பிளாக் சாபத் ஐந்தில், அயர்ன் மெய்டன் மூன்றில். ஒருவர் இந்த நாலு பேரையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிட்டார். எங்கள் டிரம்மரின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

முதல் விமர்சனம் வந்த அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மெஷூகா பக்கத்தில் எங்கள் பெயரா! நாலைந்து வந்த பிறகுதான் உறைத்தது. எல்லோரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அங்கே என்ன கேட்டது என்று யாருமே சொல்லவில்லை.

அவர்கள் மெஷூகாவைக் கண்டது எங்கள் மூன்றாவது பாட்டில். அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, எப்படி வந்தது தெரியுமா? ஒத்திகையின் நடுவில் டிரம்மரின் டபுள் பெடலில் (பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் மிதி) இடது பக்க ஸ்பிரிங் அறுந்துவிட்டது. கையில் மாற்று ஸ்பிரிங் இல்லை. அறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி, விட்டுப் போக மனசில்லை. "சரிடா, வலது காலை மட்டும் வைத்து ஏதாவது வாசி" என்றேன். இரண்டு கால் வேலையை ஒரு கால் செய்ய வேண்டும். மூன்று அடி தொடர்ந்து அடித்தால் நாலாவதில் கால் தடுமாறியது. அதனால் மூன்று அடித்தான், இரண்டு தட்டு விட்டான். மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. கை மட்டும் பழைய பழக்கம் மாறாமல் நாலு எண்ணிக்கையில் சிம்பலைத் தட்டிக்கொண்டே இருந்தது. காலில் கண்டம் (ஐந்து), கையில் சதுஸ்ரம் (நாலு). நான் கிதாரைக் காலோடு கட்டிவிட்டேன். பேஸிஸ்ட் ஒரு நிமிஷம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், அப்புறம் அவனும் வந்து சேர்ந்துகொண்டான்.

ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, பதினாறு சிறு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாக ஓடும் ரிஃப் முதல் பார் முடியும்போது சமத்துக்கு (தாளம் தொடங்கும் இடத்துக்கு) வராது, ஒரு தட்டு மிஞ்சும். அடுத்த பாரில் இரண்டு மிஞ்சும். இப்படியே நழுவி நழுவி, ஐந்து பார் ஓடி, எண்பது தட்டு கழித்துத்தான் காலும் கையும் ஒன்றாகச் சமத்தில் விழும். நாங்கள் அதை எங்கும் வெட்டவில்லை, ஐந்து பாரையும் முழுசாக ஓடவிட்டோம். மெஷூகாவை உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு இங்கேயே வித்தியாசம் பிடிபட்டிருக்கும். அவர்கள் இப்படி ஓடும் ரிஃபைப் பெரும்பாலும் நாலாவது பாரிலோ எட்டாவது பாரிலோ நறுக்கிவிட்டு, மறுபடி சமத்திலிருந்து எடுப்பார்கள். உள்ளே என்ன கலவரம் நடந்தாலும் வெளியே நாலு, எட்டு என்ற கட்டம் கலையாது. எங்கள் பாட்டில் அந்தக் கட்டமே கிடையாது. பாடகி வரியை முடிக்கும் இடம் வினோதமாகத் தெரிவது அதனால்தான். இதைக் கவனித்து ஒருவர் "ஐந்து பார் கணக்கு எடுபடவில்லை, பாட்டு நொண்டுகிறது" என்று எழுதியிருந்தால்கூட அவர் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டிருப்பேன்.

மெஷூகாவைக் கேட்டதே இல்லை என்று கதை விடமாட்டேன். ஸ்வீடனில் உமேயோ என்ற ஊரில் 1987இல் தொடங்கிய குழு. பதினேழு வயதில் தினமும் அவர்களைத்தான் கேட்டேன். என் வலது கையில் அவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எட்டுத் தந்திக் கிதாருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. என்னிடம் இருப்பது ஆறு தந்தி. அதைக்கூட யாரும் குறிப்பிடவில்லை.

தொல்காப்பியத்தில் உவமைக்கென்று ஒரு இயலே இருக்கிறது. உவமை பிறப்பதற்கு அங்கே நாலு இடம் சொல்லப்படுகிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்கை, அதனால் விளைவது, வடிவம், நிறம். உவமையாகக் காட்டும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு. இந்த இரண்டாவது விதியை நீங்கள் யாரும் மீறியதே இல்லை, எப்போதும் எங்களைவிடப் பெரிய ஆளாகப் பார்த்துத்தான் பிடிக்கிறீர்கள். முதல் விதியில்தான் தகராறு. "புலி மாதிரிப் பாய்ந்தான்" என்றால் பாய்ச்சல் கண்ணில் தெரிகிறது. வெறுமனே "புலி மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனால், கேட்பவன் வாலைத் தேடுவதா, வரியைத் தேடுவதா? மெஷூகா மாதிரி என்றால் கால் கணக்கா, கேட்டால் வரும் கிறுகிறுப்பா, பாட்டின் கட்டுமானமா, கிதாரின் சத்தமா? நாலில் ஒன்றைத் தொட்டிருந்தால் போதும், நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன்.

இதைவிட எரிச்சல் தருவது எங்கள் பாடகி விஷயம். ஆறு விமர்சனங்களில் ஆர்ச் எனிமி. அதில் பாடிய ஏஞ்சலா கோஸோவும் அவருக்குப் பிறகு 2014இல் வந்த அலிஸா வைட்-குளுஸும் பெரிய ஆட்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஆர்ச் எனிமி என்றால் வேகம், மெலடி, மினுமினுக்கும் கிதார் லீடு. நாங்கள் பாதி ஆல்பத்தில் எருமை மாதிரி நடக்கிறோம். (நானும் உவமை சொல்லிவிட்டேன், ஆனால் வினை உவமை.) எங்கள் பாடகி கிரௌல் செய்யும்போது (உறுமுவது போலப் பாடும்போது) குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவிடுகிறார். மூச்சை மெதுவாகத் தள்ளி, ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையிலும் குரலை உடைத்து வெறும் காற்றாக விட்டுவிடுகிறார். நாலாவது பாட்டில் அந்தக் காற்றுக்காகவே டிரம்ஸை இரண்டு பார் நிறுத்தியிருக்கிறோம். அது உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆர்ச் எனிமிக்கும் அவருக்கும் இருக்கிற ஒற்றுமை, பாடுவது பெண் என்பது மட்டும்தான். அதே பாட்டை அதே மாதிரி ஒரு ஆண் பாடியிருந்தால் அந்தப் பெயர் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமா? ஆறையும் படித்துவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "கண்ணால கேட்டிருக்காங்க."

பிளாக் சாபத் கதை வேறு. சுருதியை இறக்கினாலே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. அவர்கள் ஏன் இறக்கினார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். அவர்களின் கிதார்க்காரர் டோனி அயோமி 1965இல் பர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலைக்குப் போனபோது வலது கையில் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் துண்டாகிவிட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை மூன்று அரைச் சுரம் கீழே இறக்கியிருந்தார்கள். தந்தி தளர்ந்தால் விரலுக்கும் சுகம். அவர் விரலோடு எங்கள் ஸ்பிரிங்கை வைத்துப் பேச எனக்கு வாய் வராது. நாங்கள் சுருதியை இறக்கியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். கிரௌல் இல்லாமல் பாடும் இடங்களில் பாடகிக்கு அந்தச் சுருதிதான் வசதி.

ஒருவர் ஒரு படி மேலே போய், "சாபத்தின் அந்தப் பிசாசு இடைவெளி" எங்கள் இரண்டாவது பாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். நம் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம், அதாவது ஸ-விலிருந்து இரண்டு ம-வில் உயர்ந்த ம-வுக்கு ஒரு தாவல். அவ்வளவுதான் விஷயம். சாபத்துக்கே அந்த யோசனை வந்தது, அவர்களின் பேஸிஸ்ட் கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் செவ்வாய்க் கிரக இசையை வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து. கர்நாடக இசையின் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களில் முப்பத்தாறில் பிரதி மத்யமம்தான். அதில் ஒன்றான கல்யாணியைப் பாடுகிறவரைப் பார்த்து "சாபத் மாதிரி இருக்கிறதே" என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன்னந்தனியாக முளைத்தவர் இந்த இசையில் யாரும் கிடையாது. 1982இல் நீங்கள் எழுதியிருந்தால் மெட்டாலிக்காவை "(இங்கிலாந்துக் குழு) டைமண்ட் ஹெட் மாதிரி" என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. மெட்டாலிக்காவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் அதற்கு முந்தைய வருஷம் டைமண்ட் ஹெட்டைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்துக்குப் போய் வந்தவர், ஆரம்பத்தில் மெட்டாலிக்கா மேடையில் வாசித்ததில் பல பாட்டுகள் டைமண்ட் ஹெட்டுடையவை. அப்புறம், அப்பட்டமாக நகலடிக்கிறவர்களை நகல் என்று சொல்லத்தான் வேண்டும். 1988இல் கிங்டம் கம் என்ற குழு வந்தபோது பாடகரின் குரலைக் கேட்டவர்களுக்கு லெட் ஸெப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் ஞாபகம் வந்தது. "கிங்டம் குளோன்" என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். லெட் ஸெப்பெலினை நகலடிக்கும் குழுக்களைக் கேலி செய்து அடுத்த வருஷமே கிதார்க்காரர் கேரி மூர் ஒரு பாட்டுப் போட்டார், அதில் பாடியவர் சாபத்தின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். கொடுமைதான். ஆனால் எதைப் பார்த்து நகல் என்கிறார்கள் என்று கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரிகிறது. நூறு, நூற்றைம்பது வார்த்தைதான் இடம். படிப்பவருக்கு எங்களைத் தெரியாது. வழி கேட்பவருக்குத் தெரிந்த மரத்தைக் காட்டித்தான் சொல்ல முடியும். "ஆலமரத்திலிருந்து இடது பக்கம் திரும்பு" என்று சொல்லுங்கள், எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆலமரத்தைக் காட்டிவிட்டு வீடு வந்துவிட்டது என்று இறக்கிவிட்டுப் போகிறீர்களே, அதுதான்.

பதினொன்றில் ஒருவர் மட்டும் இடது பக்கம் திரும்பினார். ஆறாவது பாட்டில் இரண்டு கிதார் ஒன்றுக்கொன்று மூன்றாம் சுரம் தள்ளி வாசிப்பது அயர்ன் மெய்டன் வழி என்றார். மெய்டனுக்கு முன்னால் இதே வழியில் விஷ்போன் ஆஷ் என்ற குழு இருந்ததையும் ஒரு அடைப்புக்குறிக்குள் நினைவூட்டினார். அதற்கு அடுத்த வாக்கியம் இது: மெய்டனில் இரண்டு கிதாரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஓடும், இங்கே ஒன்று எப்போதும் ஒரு மயிரிழை பின்தங்குகிறது, வேண்டுமென்றே செய்தார்களா, கைக்கு வரவில்லையா என்று புரியவில்லை.

ஐயா, கைக்குத்தான் வரவில்லை. இரண்டு கிதாரையும் வாசித்தது நானே. இரண்டாவதைப் பதிவு செய்யும்போது முதல் டேக்கில் பிந்திவிட்டேன். கேட்டுப் பார்த்தால் நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். அவர் எங்களுக்கு ஐந்துக்கு இரண்டு கொடுத்தார். நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பது அவர் எழுதியதைத்தான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தை உங்களுக்கு அனுப்பியபோது கூடவே ஒரு அறிமுகக் குறிப்பு வைத்தோம். அதன் கடைசி வரி, "மெஷூகா, பிளாக் சாபத் ரசிகர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்." எழுதியது நான். உங்கள் மேஜையில் குவிந்து கிடக்கும் ஆல்பங்களுக்கு நடுவில் எங்களுடையதைக் கையில் எடுக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டாமா என்று நினைத்தேன். தூண்டிலை நானே போட்டுவிட்டு மீன் ஏன் கடித்தது என்று இப்போது கேட்கிறேன். பேஸிஸ்ட் அப்போதே வேண்டாம் என்றான். அவன் சொன்னதைக் கேட்கவில்லை. (ஆர்ச் எனிமியை மட்டும் நான் போடவில்லை. அது முழுக்க உங்கள் கைங்கரியம்.)

இரண்டாவது ஆல்பம் தயார். அடுத்த மாதம் உங்கள் கைக்கு வரும். இந்தத் தடவை குறிப்பில் அந்த வரி இல்லை. எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம், என்ன சுருதி, யார் என்ன வாசித்தார்கள், அவ்வளவுதான் இருக்கிறது. டிரம்மரின் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆறு தந்திக் கிதார்க்காரன்

பி.கு.: டபுள் பெடலுக்கு எப்போதோ புது ஸ்பிரிங் போட்டாகிவிட்டது. மேடையில் மூன்றாவது பாட்டு வரும்போது மட்டும் அவன் இடது காலை எடுத்து ஸ்டூலின் கம்பியில் மடித்து வைத்துக்கொள்கிறான். இரண்டு காலும் இருந்தால் அந்த ஐந்து வரமாட்டேன் என்கிறதாம்.