மூன்று சக்கர வண்டியும் சாகாத கிழவனும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நல்லூரான் துணை.

தொலைபேசியில் நீ 'கல்கி 2898 ஏடி' எப்படி என்று கேட்டபோது "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வழியப் போகிறதே என்ற அவசரம். உண்மையில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அந்தச் சின்னக் கண்ணாடியில் விரலால் தட்டித் தட்டி எழுதப் பொறுமை இல்லாததால் தாளில் எழுதுகிறேன். சின்ன மாமியின் மகன் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

மூன்று மணித்தியாலப் படம். ஒரே இருப்பில் பார்க்க என் இடுப்பு விடவில்லை. நீ வாங்கித் தந்த தொலைக்காட்சியில் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தோம். அதிலும் ஒரு நன்மை உண்டு. ஓடுகிற படத்தை நிறுத்திவிட்டு வண்டியின் அடிப்பாகத்தை எழும்பிப்போய்ப் பார்க்கலாம்.

வாழ்நாள் முழுக்கக் கராஜில் கிரீஸோடு கிடந்தவனுக்கு கதாநாயகனுக்கு முன்னால் வண்டிதானே கண்ணில் படும்? புஜ்ஜி என்று பெயர். முன்னுக்கு இரண்டு பெரிய சக்கரம், பின்னுக்கு உருண்டையாக ஒன்று. கீர்த்தி சுரேஷ் குரல் கொடுத்திருக்கிறார். வெறும் கணினிப் படம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், உண்மையாகவே ஓடுகிற வண்டி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். 2022இல் இயக்குநர் நாக் அஸ்வின், மகிந்திரா வாகன நிறுவனத்தின் ஆனந்த் மகிந்திராவிடம் பகிரங்கமாகவே உதவி கேட்டிருக்கிறார். மகிந்திராவின் பொறியியலாளர்களும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து கட்டியது இது. எடை 6 தொன். 47 கிலோவாட் மணி பற்றரி, 94 கிலோவாட் வலு, றிம் மட்டும் 34.5 அங்குலம். முறுக்குவிசை 9,800 நியூட்டன் மீற்றர் என்கிறார்கள். அது சக்கரத்தில் வந்து சேரும் கணக்காக இருக்க வேண்டும் என்பது என் அனுமானம். 94 கிலோவாட் என்றால் குதிரைவலுவில் 126 அளவு. ஒரு சாதாரணக் காரின் வலு. அதை வைத்துக்கொண்டு 6 தொன்னை இழுப்பதென்றால் கியர் குறைப்பில்தான் எல்லா வித்தையும் இருக்க வேண்டும். வண்டி ஓடும், ஆனால் பாயாது. படத்தில் அது எழுந்து நின்று சண்டை பிடிப்பதெல்லாம் கணினிக்காரரின் கைவேலை. இருந்தாலும் மண்ணில் அதன் ரயர் புதைகிற விதத்தைப் பார். எடை உள்ள வண்டி என்று தெரியும். பொய் வண்டிக்கு மண் அப்படி விலகாது.

வண்டி சரி. அது ஓடுகிற ஊரில்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காசிதான் உலகத்தில் மிஞ்சிய கடைசி நகரமாம். கங்கை வற்றிவிட்டது. மேலே தலைகீழ்ப் பிரமிட்டாக ஒரு நகரம் மிதக்கிறது; கொம்ப்ளெக்ஸ் என்று பெயர். தண்ணீர், மரம், நல்ல சாப்பாடு எல்லாம் அங்கே. கீழே உள்ளவர்கள் புழுதியில். இவ்வளவும் சரி. ஆனால் அந்தப் புழுதி ஊரில் கடைக்குக் கடை நிற நிறமாக விளக்கு எரிகிறது, மூலைக்கு மூலை இயந்திரம் ஓடுகிறது. எரிபொருள் எங்கிருந்து வருகிறது? பழுதானால் யார் கழற்றுகிறார்கள்? ஒரு ஆணிக்கு இன்னொரு ஆணியை மாற்றிப் போடுகிற ஒரு மனிதனையாவது காட்டியிருக்கலாம். அழிந்த ஊரை அழகாக வரைந்திருக்கிறார்கள். அழிந்த ஊரில் எப்படி நாள் போகும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 1990க்குப் பிறகு, போர்க் காலத்தில், நம்மூரில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. உனக்கு ஓரளவு நினைவிருக்கும். பழைய ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி ஓடின என்பதை நீ சிறு பிள்ளையாக நின்று பார்த்தாயே தவிர, நான் விளக்கிச் சொன்னதில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. பழைய சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். பொனற்றைத் திறந்து காபரேற்றரின் வாயில் அதைப் பீய்ச்சிவிட்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்து, சூடேறி, சத்தம் ஒரு சீருக்கு வந்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். முந்தித் திறந்தால் நின்றுவிடும். பிந்தித் திறந்தால் தங்கம் போன்ற பெற்றோல் வீண். குழாயைப் புகைபோகும் பகுதியோடு ஒட்டி வளைத்துவிட்டால் எண்ணெய் சூடாகிப் போகும், புகை குறையும். பழைய எஞ்சின், அமுக்கம் குறைவு, அதனால் தாங்கியது. இன்றைய கார் ஒன்று ஒரு நாள்கூடத் தாங்காது. இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நீ பெடலைக் கையால் சுற்றுவாய். டைனமோவில் வானொலி பாடும். செய்தி சுவாரஸ்யமான இடத்துக்கு வரும்போது உனக்குக் கை நோகும், குரல் இழுபடும், பக்கத்து வீட்டு அண்ணை உன்னை ஏசுவார். எதிர்காலக் கதை எடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பேசுகிற வண்டிக்கு ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல் பிடிக்கிற பொடியனை உதவிக்கு வைத்திருந்தால் நான் முழுப் படத்தையும் நம்பியிருப்பேன்.

சரி, நடிகர்களுக்கு வருகிறேன். நீ பிரபாஸின் ரசிகன் என்பது தெரியும், கோபிக்காதே. பைரவா என்கிற அந்தப் பாத்திரம் முதல் ஒரு மணித்தியாலம் என் பொறுமையைச் சோதித்தது. வாடகை கொடுக்காமல் பிரம்மானந்தத்துக்கு ஒளிக்கிறார், கொம்ப்ளெக்ஸுக்குள் இடம் பிடிக்கக் காசு சேர்க்கிறார், காசுக்காக ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிறார். சுயநலக்காரக் கதாநாயகன் என்பது எனக்குப் பிடித்த எண்ணம்தான். ஆனால் தெலுங்கில் சொன்ன பகிடி தமிழுக்கு வரும்போது வாயசைவு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். திஷா பட்டானி எதற்காக வந்தார் என்று நானும் அம்மாவும் யோசித்துப் பார்த்தோம், விளங்கவில்லை.

அமிதாப் பச்சனுக்காக இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். படம் வந்தபோது அவருக்கு வயது 81. அசுவத்தாமனாக, உடம்பெல்லாம் துணி சுற்றி, ஆளை இராட்சத உயரமாக்கிக் காட்டியிருக்கிறார்கள். உயரத்தைக் கணினியால் கூட்டலாம், தோளில் உள்ள களைப்பைக் கூட்ட முடியாது. எழும்புவதற்கு முன்னால் ஒரு கணம் தரையைப் பார்க்கிறாரே, அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆயிரமாயிரம் வருடம் சாகாமல் இருப்பது சாபம் என்று வசனம் இல்லாமலே தெரிகிறது. பிரபாஸோடு அவர் மோதும் சண்டையில் என் அனுதாபம் முழுக்கக் கிழவனின் பக்கம்தான். என் வயதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய பாத்திரத்தை எழுதியதில் கெட்டித்தனம் இருக்கிறது. பாரதத்தில் உத்தரையின் கருவை அழிக்க அஸ்திரம் விட்டவன் அசுவத்தாமன். கண்ணன் சபித்தான், நெற்றி மணி போயிற்று. அதே ஆளை இங்கே கல்கியாகப் பிறக்கப்போகிற ஒரு கருவுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். பாவத்துக்கு ஏற்ற பிராயச்சித்தம். சும்மா வியந்துகொண்டிருக்கவும் மனம் விடவில்லை. பாசறையில் உறங்கிக் கிடந்த பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றவன் அவன்தான். அதைப் படம் பெரிதாகப் பேசவில்லை. கோயில் வீதியில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டார்கள். 2898 என்ற கணக்கும் அங்கிருந்துதான் வருகிறது: கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 6000 வருடம். பஞ்சாங்கத்தைக் கேட்டால் கலியுகம் 4,32,000 வருடம் என்று சொல்லும். கல்கி இவ்வளவு அவசரமாக வரத் தேவையில்லை. தயாரிப்பாளருக்குத்தான் அவசரம்.

கமல் வருவது சில நிமிடம்தான். யாஸ்கின் என்ற கொம்ப்ளெக்ஸின் அதிபதி. வற்றிச் சுருங்கிய உடம்பு, மொட்டைத் தலை, இருட்டு. இங்கே வின்சர், ராணி தியேட்டர்களில் அவருடைய படத்துக்கு விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். ஆளை அடையாளம் காணவே கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் பேசும் வேகத்தைக் குறைத்துத்தான் பயமுறுத்துகிறார், கத்தவில்லை. கடைசியில் அந்தக் கருவிலிருந்து எடுத்த ஒரு துளியால் இளமை திரும்புகிறது. அத்தோடு மிச்சத்தை அடுத்த பாகத்தில் பார் என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வாசனையை மட்டும் காட்டிய மாதிரி.

சஸ்வதா சட்டர்ஜி என்ற வங்காள நடிகர் தளபதி மானஸாக வருகிறார். முகத்தில் ஒரு அரசாங்க உத்தியோகத்தரின் சலிப்போடு கொலை செய்கிறார், நன்றாக இருக்கிறது. பசுபதிக்கும் அன்னா பென்னுக்கும் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். இருவரும் வருகிற காட்சியில் மட்டும் அந்தப் புழுதி ஊரில் மனிதர் வாழ்கிறார்கள் என்று தோன்றியது. ஷோபனா நின்றாலே போதும், நாட்டியக்காரியின் முதுகு வளையாது என்று அம்மா சொன்னாள். இசை சந்தோஷ் நாராயணன். பாடல் எதுவும் மனதில் நிற்கவில்லை, சண்டைக்குப் போட்ட மேளம் நின்றது.

தீபிகா படுகோனைப் பற்றி அம்மாவின் கருத்தைத்தான் எழுத வேண்டும். சோதனைக்கூடத்தில் கருவுற்ற பெண், பெயர்கூட இல்லாமல் ஒரு எண். நெருப்புக்குள்ளால் அவர் நடந்து வரும் காட்சி பெரிய காட்சி. அம்மாவும் வாயைத் திறக்காமல் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்டாள்: "வயிற்றுப்பிள்ளைக்காரி இவ்வளவு ஓடுகிறாள், இவளுக்கு ஒருக்காலும் பசிக்காதா?" 1995 ஒக்டோபர் கடைசியில், ஊரே இடம்பெயர்ந்தபோது, மழையில், உன் தங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவள் கேட்கிற கேள்வி அது. அன்று சனத்துக்குள் நின்றபடி யாரோ ஒரு மனுஷி கொடுத்த அவித்த மரவள்ளித் துண்டை அவள் தோலோடு கடித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. படத்தில் அந்தப் பெண்ணைக் காக்க எல்லோரும் சாகிறார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எழுதியவர்கள் அவளைக் குழந்தை வைக்கிற பேழையாகப் பார்த்துவிட்டார்கள். நடிகை சாவித்திரியின் வாழ்க்கையை அவ்வளவு கனிவாக எடுத்த அதே நாக் அஸ்வினிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் தீபிகா இல்லை என்று 2025 செப்டெம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்துவிட்டது. அந்தப் பாத்திரத்தை இனி என்ன செய்வார்களோ. முதல் பாகத்தின் முடிவில் பிரபாஸ் கர்ணனின் வில்லைத் தூக்கியபடி நிற்கிறார். கர்ணன் என்றால் எங்கள் தலைமுறைக்குச் சிவாஜியின் முகம்தான் வரும். அந்த முகத்தை அழிப்பதற்கு அவர் நிறைய உழைக்க வேண்டும்.

பேரனுக்குக் காட்டலாமா என்று மருமகள் கேட்டதாகச் சொன்னாய். வெட்டுக் குத்து இருக்கிறது, ஆனால் இரத்தம் கொட்டவில்லை. கூட இருந்து காட்டுங்கள். புஜ்ஜிக்கும் பைரவாவுக்கும் முன்கதையாக ஒரு கார்ட்டூன் வந்திருக்கிறது. முதலில் அதைப் போட்டுவிடுங்கள், அவனுக்கு அதுதான் பிடிக்கும். பார்த்த பிறகு எனக்காக ஒரு வேலை செய்யச் சொல். பின்னால் உள்ள அந்த உருண்டைச் சக்கரத்துக்கு பிரேக் எங்கே பூட்டியிருப்பார்கள் என்று யோசித்து, கீறி அனுப்பட்டும். நானும் ஒரு படம் கீறி வைத்திருக்கிறேன். அவனுடையது வரும்வரை காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா