கர்ணனின் கவசம் பொன்னாகவே இருக்கட்டும்

பழைய தமிழ்ப் புராண, சரித்திரப் படங்களின் உரிமையாளர்களுக்கும், அவற்றை வீட்டுத் திரைக்குக் கொண்டுவருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் மலேசியாவில் பினாங்கு மாநிலத்துக்காரி. தீவில் இல்லை, ஃபெர்ரி ஏறி இந்தப் பக்கம் வந்தால் பட்டர்வொர்த், அங்கேதான் வீடு. என் அப்பாவுக்கு 84 வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பெரும்பாலும் பின்பக்கம்தான். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துப் போடும்போது ஒன்றும் படிக்க முடியாது. ஆனாலும் முகம் தெரிந்தது, நிறம் தெரிந்தது, பாட்டு கேட்டது. 'கர்ணன்' படத்தை அவர் அப்படித்தான் முதலில் பார்த்தார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. கண் தெளிந்ததும் முதலில் 'கர்ணன்' பார்க்க வேண்டும் என்றார். ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் போய் ஒரு டிவிடி வாங்கி வந்தேன். அட்டையில் 'டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. வீட்டில் இருப்பது 55 அங்குல டிவி. படம் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, அப்பா கையைக் கண் மேல் வைத்து மறைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஒரு கண், அப்புறம் மற்றொரு கண். "என்னம்மா, கர்ணனுடைய கவசம் செம்பு மாதிரி தெரிகிறது. என் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்டார். பயந்துவிட்டார். சுவரில் தொங்கிய மாரியம்மன் காலண்டரைக் காட்டி, அம்மன் புடவை என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்று சரியாகச் சொன்னார். கண்ணில் கோளாறு இல்லை. டிவிடி வட்டில்தான்.

அந்த வட்டை வெளியிட்டது யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரைக் குறை சொல்வதற்காக இந்த மடல் இல்லை. இதே குறைகளை நான் இருபது வருடமாகப் பல அட்டைகளுக்குள் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்தச் செம்பு நிறம். 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த படம். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் நீலச் சாயம்தான் சீக்கிரம் வெளுக்கும். நீலம் போனால் வானமும் இலையும் போய், மிச்சம் நிற்பது சிவப்பும் இளஞ்சிவப்பும்தான். வெளுத்துப்போன ஒரு பிரிண்டை அப்படியே ஸ்கேன் செய்து வட்டில் ஏற்றினால் பொன் செம்பாகத்தான் வரும். கேமராவில் ஓடிய மூல ஃபிலிமான நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து, நிறம் திருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதற்குச் சாட்சியாகப் பழைய பிரதிகளும் தேவை. 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவாகலரில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிகலர் பிரதி போடப்பட்ட படம். டெக்னிகலர் சாயம் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. அப்படி ஒரு பழைய பிரதி எங்காவது ஒரு கிடங்கில் இருந்தால், கட்டபொம்மனின் தலைப்பாகை என்ன நிறம் என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது முகம். இதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. ஃபிலிமில் எடுத்த படம் என்றால் மணல்போல நுண்ணிய துகள்கள் அசைந்துகொண்டிருக்கும். கிரெயின் என்பார்கள். அது அழுக்கு இல்லை. அந்தத் துகள்களால்தான் படமே உருவாகியிருக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். தேய்த்தபின் பார்த்தால் சிவாஜியின் முகம் மெழுகு பொம்மை. குந்தி, தான்தான் உன்னைப் பெற்றவள் என்று சொல்லும் இடத்தில் அவர் வசனத்தைத் தொடங்குவதற்கு முன்பே கன்னத்துச் சதை துடிக்க வேண்டும், கண்ணோரத்துச் சுருக்கம் இறுக வேண்டும். அந்த நடிப்பு முழுக்கத் தோலுக்கு மேல்தான் நடக்கிறது. தோலையே வழித்துவிட்டால் நடிப்பு எங்கே நிற்கும்? தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் கோயில் தூண்கள்மேல் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? கல் பளிச்சென்று ஆனது. சிலையின் மூக்கு மழுங்கியது, கல்வெட்டு எழுத்து கரைந்தது. இதுவும் அதே வேலைதான்.

இந்தத் தவறு நம்மவர்கள் மட்டும் செய்தது இல்லை. 1960-இல் வந்த 'ஸ்பார்டகஸ்' படத்தின் புளூ-ரே 2010-இல் இப்படித்தான் தேய்த்து வெளிவந்தது. ரசிகர்கள் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஃபிலிமுக்கே திரும்பிப் போய்ப் புதிதாக ஸ்கேன் செய்து, 2015-இல் மறுபடி வெளியிட்டார்கள். அதேபோல 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. வெட்டி எறியப்பட்ட காட்சிகளை 1989-இல் தேடிச் சேர்த்தபோது சில இடங்களில் ஒலி இல்லை. அன்றைக்கு நடித்தவர்களையே, கால் நூற்றாண்டு கழித்துக் கூப்பிட்டு மறுபடி பேச வைத்தார்கள். 2012-இல் அதன் நெகட்டிவை 8கே தெளிவில் ஸ்கேன் செய்தபோது, பாலைவன வெயிலில் ஃபிலிமில் விழுந்த மயிரிழை வெடிப்புகள்கூடத் தெரிந்தனவாம். அவற்றையும் அடைத்துத்தான் வெளியிட்டார்கள். 'கர்ணன்' அதற்கு இரண்டு வருடம் இளைய படம். நம் படத்துக்கு அந்த மரியாதை கூடாதா?

நம்மாலும் முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி. 2012 மார்ச்சில் புதுப்பித்த 'கர்ணன்' சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்', 2015-இல் 'கட்டபொம்மன்' என்று வரிசையாக வந்தன. அந்த உழைப்புக்கு என் கைகூப்பு. ஆனால் தியேட்டரில் ஓடும் படம் சில வாரத்தில் இறங்கிவிடும். கடல் தாண்டி இருக்கும் எங்களுக்கு வரவேற்பறைதான் தியேட்டர். அங்கே வந்து சேரும் பிரதிதான் எங்களுக்குப் படம். என் பேத்தி நாளைக்குச் சிவாஜியை எப்படி நினைவில் வைத்திருப்பாள் என்பதை அந்த வட்டுதான் தீர்மானிக்கிறது.

சரி, திரை அளவுக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி அகலம். பக்கங்களில் கறுப்புப் பட்டை விழுந்தால் வாங்குபவர்கள் குறை சொல்வார்கள் என்று மேலும் கீழும் வெட்டி அகலமாக்குகிறீர்கள். உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடுகிறது. சினிமாஸ்கோப்பாக மாற்றினோம் என்று விளம்பரப்படுத்தினால் நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வட்டில் என்.டி.ராமாராவின் கிருஷ்ணனுக்கு மயிற்பீலி இல்லை. கிரீடம் நெற்றியோடு முடிந்துவிட்டது. நாட்டியம் ஆடுகிறவர்களுக்குப் பாதம் இல்லை. பரதம் தெரிந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சலங்கைச் சத்தம் மட்டும் வருது ஆண்ட்டி" என்று எழுந்து போய்விட்டாள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதைப் பழைய சதுர டிவிக்காகப் பக்கங்களை வெட்டிய பிரதியில், இரண்டு பேர் பேசும்போது ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். எடுத்தவர் எவ்வளவு அகலம் எவ்வளவு உயரம் என்று சட்டம் போட்டாரோ, அவ்வளவும் வேண்டும். கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒலியைப் பற்றி நான் எழுதுவதைவிட அப்பா கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பஜனை பாடியவர் அவர். 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' பாட்டு வரும்போது, மூலையில் இருந்த ஆர்மோனியத்தை எடுத்துவரச் சொன்னார். ரேடியோவில் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டின் சுருதி அவர் விரலில் ஏறியிருக்கிறது. வழக்கமான கட்டையை அழுத்தினார். சேரவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினார். அதுவும் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது சீர்காழி கோவிந்தராஜனின் குரல். "அவசரப்படுகிற மாதிரி பாடுகிறாரே, சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படியா பாடுவார்?" என்றார்.

காரணம் சிறியதுதான். ஃபிலிம் நொடிக்கு 24 படம். நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25. கவனிக்காமல் மாற்றினால் எல்லாமே நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னாலேயே முடியும். குரல் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய முக்கால்வாசி மேலே ஏறிவிடும். வேகம் கூடினாலும் சுருதி மாறாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. புளூ-ரேயில் 24 படமாகவே வைக்கலாம், இந்தத் தொல்லையே இல்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி எந்தச் சுருதியில் ஒலிப்பதிவு செய்தார்களோ அந்தச் சுருதியில் எங்களுக்குக் கேட்க வேண்டும். புதிதாகச் சுற்றொலி சேர்ப்பதானால் சேருங்கள். ஆனால் பழைய ஒற்றைத் தட ஒலியையும் கூடவே வையுங்கள்.

'மூன்று படம் ஒரே வட்டில்' என்று விற்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் ஒன்பது மணி நேரத்தை அமுக்கினால் நொடிக்குக் கிடைக்கும் தரவு பழைய விசிடி அளவுக்கு இறங்கிவிடும். 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை அப்படி ஒரு வட்டில் பார்த்தேன். 1948-இல் எஸ்.எஸ்.வாசன் அத்தனை பேரை முரசுகள்மேல் ஏற்றி ஆட வைத்தார். பின்வரிசையில் இருப்பவர்கள் கைகாலை அசைத்ததும் கட்டம் கட்டமாகச் சிதறிப் போகிறார்கள். ஆட்களா கற்களா என்று தெரியவில்லை. அதன் மேல் மூலையில் நிறுவனத்தின் முத்திரை, கீழே தொலைபேசி எண். காசு கொடுத்து வாங்கிய வட்டில் முரசுகளுக்கு நடுவே எதற்கு அந்த எண்?

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குச் செலவாகும் பணத்தில் கோடுகளை அகற்றலாம். திரையில் மழை பெய்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

இதையெல்லாம் தள்ளிப்போட முடியாது. அசிடேட் ஃபிலிம் புழுக்கத்தில் வைத்தால் புளிக்கும், பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை தொடங்கிய ரீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீலும் கெடும். சென்னைப் புழுக்கம் எங்கள் பினாங்குப் புழுக்கத்துக்குக் குறைந்தது இல்லை. உங்கள் கிடங்கில் நெகட்டிவ் இருந்தால் இந்த மாதமே ஒருவரை அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிரூட்டிய அறைக்கு மாற்றுங்கள். வெளியீடு அப்புறம் இருக்கட்டும், ஸ்கேன் மட்டுமாவது முதலில் எடுத்து வையுங்கள்.

வெளியிடும்போது அட்டையின் பின்பக்கம் நான்கு வரி உண்மை எழுதுங்கள். எதிலிருந்து ஸ்கேன் செய்தது, நெகட்டிவா பிரிண்டா, எந்த வருடம், முழு நீளமா, ஏதாவது ரீல் கிடைக்கவில்லையா. ஒரு ரீல் கெட்டுப்போய்விட்டது, அந்த இடத்தில் மட்டும் மங்கலாக இருக்கும் என்று எழுதினால் நாங்கள் புரிந்துகொள்வோம். பாட்டை வெட்டாதீர்கள். வசன வரிகளில் மலாயும் இருக்கட்டும். என் பேத்தி தேசியப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் அவள் காதுக்கு எட்டாது. எழுத்தாக ஓடினால் ஒரு கை பிடித்துக்கொள்வாள். தமிழிலேயே வசன வரி போட்டால் இன்னும் நல்லது, படித்துப் பழகுவாள்.

விலை கூடும் என்று தெரியும். அந்த டிவிடியை 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். நெகட்டிவிலிருந்து ஒழுங்காகச் செய்த 'கர்ணன்' புளூ-ரே 150 வெள்ளி என்றாலும் வாங்குவேன். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று அப்பாவுக்கு. மற்றது சுங்கை பட்டாணியில் இருக்கும் சித்தப்பாவுக்கு. கர்ணன் வில்லை இடது கையில் பிடித்தானா வலது கையில் பிடித்தானா என்று அவர்கள் இருவரும் இன்றுவரை போனில் சண்டை போடுகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒருத்தி,
பட்டர்வொர்த், பினாங்கு